காப்புக் கட்டிய கை

அத்தியாயம் பன்னிரண்டு

ஆடி பிறந்துவிட்டால் ஆவடிக்கு மேற்கே காற்றுக்கு ஓய்வில்லை. விடியுமுன்பே எழுந்து, வற்றிய ஏரியின் அடிவயிற்றில் புரண்டு, புழுதியை வாரிக்கொண்டு ஊருக்குள் நுழைகிறது. வேம்பின் பழங்கள் உதிர்ந்து தெருவெல்லாம் கசப்பும் இனிப்புமாய் மணக்கின்றன. மேகம் திரள்கிறது, கலைகிறது, பெய்யவும் மனமின்றி, போகவும் மனமின்றி வானத்தில் தயங்கி நிற்கிறது. மணவினை இல்லை. புதுமனை புகுதல் இல்லை. மங்கலங்கள் யாவும் முகம் மறைத்துக் காத்திருக்க, அன்னை ஒருத்தியே விழித்திருக்கும் மாதம் இது.

இந்த ஆண்டு கொல்லைமேடு என்ற ஊருக்குக் காற்றைவிடக் கவலையே மிகுதியாக வந்திருந்தது.

ராணுவ டாங்கிகள் செய்யும் பாதுகாப்புத் தொழிற்சாலையின் மேற்கு மதிலையொட்டிக் கிடந்த மனைகள் ஒவ்வொன்றாகக் கைமாறியபோது, ஊர் அதை வேடிக்கையாகத்தான் பேசிற்று. வாங்கியவர் வந்து பார்க்கவில்லை, வேலி போடவில்லை, தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்றுகூடக் கேட்கவில்லை. மசாலாக் கிடங்கு வருகிறது என்றனர் சிலர். கல்லூரி வருகிறது என்றனர் வேறு சிலர். பிறகு, சென்ற மாதக் கடைசியில், மதிலை நோக்கி நின்ற ஒற்றைப் பனையின் மட்டைகளுக்கிடையே ஒரு கேமராப் பெட்டி கண்டெடுக்கப்பட்டது. அதன் கண், மதிலுக்கு அப்பால் இரும்பு ஊர்திகள் உறுமித் திரியும் சோதனைத் திடலைப் பார்த்தபடி இருந்தது.

அன்று முதல் ஊரில் வேடிக்கைப் பேச்சு நின்றுவிட்டது.

---

வெள்ளிக்கிழமை காலை. தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் பணிபுரியும் பானுப்பிரியாவைப் பாதுகாப்பு அதிகாரி சிவராமன் அழைத்து வரச் சொன்னார்.

அவர் நெல்லைச் சீமைக்காரர். பாதி ஆயுளைத் தொழிற்சாலைக் குடியிருப்பிலேயே கழித்தவர். பேச்சில் மட்டும் பொருநை இன்னும் சற்று ஓடிக்கொண்டிருந்தது.

"உட்காருங்கம்மா. போன வாரம் கேட்டப்போ, மதிலோரத்து நிலத்தை வாங்கினது உங்க ஊர்க்காரங்க யாரும் இல்லன்னு சொன்னீங்க."

"ஆமா சார். எங்க ஊர்ல யாருகிட்ட சார் அவ்ளோ வசதி இருக்கு? சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கவே பொங்கலுக்குப் பொங்கல் யோசிப்பாங்க."

சிவராமன் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் மாட்டிக்கொண்டார்.

"உங்க அம்மா பேரு என்ன?"

"வேம்புலியம்மாள் சார்."

"அப்பா?"

"நாகப்பன்."

அவர் முன்னாலிருந்த கோப்பை மூடினார். அந்த ஓசை மிகச் சிறியது. ஆனால் பானுவின் காதில் அது வேறு எதையோ மூடிய ஓசையாகக் கேட்டது.

"இன்னைக்கு உங்க ஊர்ல கூழ் ஊத்துதாங்கல்லா? இங்க உள்ள எல்லைக்கல்லுக்குக் கூழ் படைக்க வாரது உங்க அம்மாதானே?"

"ஆமா சார். வருசா வருசம் அவங்கதான்."

"சரி. நான் கேள்விதான் கேட்க முடியும்மா. பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. நாளைக்கு மேலிடத்துலேருந்து ஆளுங்க வாராங்க. அவங்க ஒரு வீட்டைத் தேடிப் போறதும், ஒருத்தங்க தானா வந்து சொல்றதும் ஒண்ணு இல்ல." குரலைத் தாழ்த்தினார். "மதியத்துக்கு மேல லீவு வேணும்னா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."

பானு வணங்கிவிட்டு வெளியே வந்தாள். ஸ்கூட்டர் நிறுத்தத்துத் தகரக் கூரையைக் காற்று தடதடவென்று உலுக்கிக்கொண்டிருந்தது. தலைக்கவசத்தைக் கையில் எடுத்தவள் அணிய மறந்து நின்றாள்.

நிலத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் அம்மாவின் பெயரை ஏன் கேட்டார்?

அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை நம்புவதற்குத்தான் வீடு வரையிலான வழி முழுதும் தேவைப்பட்டது.

---

கொல்லைமேட்டில் வேம்புலியம்மாளின் கையைத்தான் எல்லாரும் அறிவர். முகத்தை அறியாத சிலர்கூட இருக்கலாம்.

அந்தக் கைக்கு ராசி உண்டு என்பது ஊரின் நம்பிக்கை. ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள் முதல் கடப்பாரைக் குத்து அவளுடையதாக இருக்கட்டும் என்பார்கள். கடை திறப்பவர்கள் முதல் வியாபாரத்துக்கு அவளை அழைப்பார்கள். முன்பு பிறருடைய வயல்களில் கூலிக்கு நாற்று நட்ட காலத்திலும், முதல் முடிச்சை அவள் கையில் கொடுத்த பிறகே மற்றவர்கள் சேற்றில் இறங்கினர். வயல்கள் போயின; கூலி போயிற்று; ராசி மட்டும் அவளிடம் தங்கிவிட்டது.

ஆடிக் கூழுக்குக் காப்புக் கட்டுவதும் அந்தக் கையில்தான். மஞ்சள் தோய்ந்த நூலில் வேப்பிலையை முடிந்து பூசாரி கட்டிவிட்டால், அம்மனுக்குக் கூழ் வார்த்துக் காப்பு அவிழ்க்கும்வரை அவள் ஊர் எல்லையைத் தாண்டலாகாது. வேறொரு காரியத்தில் கை வைக்கலாகாது.

பானு வந்தபோது வாசலில் மூன்று கல் அடுப்பின்மேல் கேழ்வரகுக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஜமீலா பந்தலின் நிழலில் அமர்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தது, வாய் ஓயவில்லை.

"வாம்மா ஆபீசரு! லீவு போட்டுட்டு வந்தியா? உங்கம்மா என்னக் கரண்டியத் தொட விட மாட்டேங்குது. என் பிரியாணிக் கடையில மொதக் கரண்டி போட்டதே உங்கம்மாதான். அன்னிக்கு நான் வேணாம்னா சொன்னேன்?"

"அன்னிக்கு எனக்குப் பசி, போட்டேன்" என்றாள் வேம்புலியம்மாள், துடுப்பை நிறுத்தாமல். "ஏன் பானு, மூஞ்சி இப்டிக் கீது? ஒடம்பு சரியில்லியா?"

"அம்மா, கொஞ்சம் உள்ள வா."

"கூழு அடி புடிச்சிக்கும்."

"நான் கிண்டறேன், போ" என்று எழுந்தாள் ஜமீலா. "அம்மன் ஒண்ணும் சொல்லாது. பக்கத்தூட்டுக்காரி."

உள்ளே நாகப்பன் கட்டிலில் படுத்திருந்தார். ஆண்டுதோறும் எல்லைக்கல்லுக்குக் கூழ்ப்பானையைத் தோளில் சுமப்பவர் அவர். இந்த ஆண்டு முழங்கால் வலி என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

பானு தாயின் எதிரே அமர்ந்தாள்.

"அம்மா, நீ பத்திர ஆபீசுக்குப் போனியா?"

"போனேனே. எத்தினி தபா போனேன்! ஒங்கண்ணன் பாபு இட்டுக்கினு போவான். போட்டோ புடிப்பாங்க. ஒரு மிசினு கீது, அதுல கட்டை விரல வெக்கச் சொல்லுவாங்க. அப்பால டிபன் வாங்கிக் குடுப்பான்."

"எதுக்கு வெச்ச?"

"எதுக்கா? ராசிக்குத்தான்." அவள் முகத்தில் சிறு பெருமிதம் தோன்றிற்று. "'ஒன் கை மொதல்ல பட்டாதாம்மா வியாபாரம் வெளங்கும்'னான். பெத்த புள்ளைக்கு வெக்காத கைய எவனுக்கு வெக்கப் போறேன்? அவன் தொழிலு நல்லா வரணும்னு அம்மன நெனச்சிகினுதான் வெச்சேன்."

கட்டிலிலிருந்து நாகப்பன் திரும்பிப் படுத்தார். "உங்கம்மா கை வெச்சா வெளங்கும். நான் வெச்சா கேசு ஆவும்" என்றார் சுவரைப் பார்த்தபடி. வழக்கமான கேலிதான். ஆயினும் குரலில் கேலியின் தெம்பு இல்லை.

பானு மேலே பேசுமுன் வாசலில் செருப்பொலி கேட்டது.

---

டில்லிபாபு வந்தான். குமணன்சாவடியில் நிலம் வாங்கி விற்கும் சிறு அலுவலகம் வைத்திருப்பவன். வெளுத்த சட்டை, விரலில் சுழலும் சாவி வளையம், பல நாள் உறங்காத கண்கள். தெருக்கோடியில் புளியமரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதன் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன.

"அம்மா, கெளம்பு. ஒரே ஒரு கையெழுத்து. பூந்தமல்லி வரைக்கும் போயிட்டு ஒடனே வந்துர்லாம்."

"இன்னிக்கா? இன்னாடா ஆச்சு ஒனக்கு? காப்புக் கட்டிகீறேன், தெரியல?"

"கார்லதாம்மா. கீழ எறங்கக்கூட வேணாம். நெலம் வாங்கற மனோகரன் சார் கார்லயே கீறாரு, எல்லாம் பேசி வெச்சிட்டாரு."

"எந்தக் கார்ல போனாலும் எல்ல எல்லதான்."

பானு எழுந்தாள். "இன்னா கையெழுத்துண்ணா அது?"

"நீ வேலைக்குப் போலியா? ஊட்ல இன்னா பண்ற?"

"எங்க ஆபீசுல கூப்ட்டு அம்மா பேரக் கேட்டாங்க."

சாவி வளையம் சுழல்வதை நிறுத்திற்று.

டில்லிபாபு கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான். பின்பு மெல்ல உள்ளே வந்து, தங்கையின் தோளருகே நின்று, தாழ்ந்த குரலில் பேசினான்.

"கத்தாத. மதிலோரத்து மனைங்க அம்மா பேர்லதான் கீது. கம்பெனி பேருக்கு மாத்துற வரைக்கும் உள்ளூர்ல ஒரு பேரு வேணும்னாங்க. வரிக்காக சொல்றாங்கன்னு நெனச்சேன். எல்லாரும் பண்றதுதான். இன்னிக்கு ஒரு பவர் பத்திரத்துல கை வெச்சிட்டா, விக்கறது கட்டறது எல்லாம் மனோகரன் சார் பாத்துப்பாரு. அம்மாக்கு இனிமே ஒரு பேஜாரும் இல்ல."

"யாரு சொன்னா இல்லன்னு? பவர் குடுத்தா அந்தாளு இஷ்டத்துக்கு எல்லாம் பண்ணுவான். நெலம் அம்மா பேர்லதான் நிக்கும். போலீசு யாரு ஊட்டுக் கதவத் தட்டும்? அவன் ஊட்டயா? அவன் ஊடு எங்க கீதுன்னாவது ஒனக்குத் தெரியுமா?"

அவன் தெருக்கோடியை எட்டிப் பார்த்தான்.

"என் பேர்லயா?"

இருவரும் திரும்பினர். வேம்புலியம்மாள் தன் வலக்கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் பொதுவென்று தான் எண்ணியிருந்த கை. இப்போது யாருடையதென்று தெரியாததுபோல் பார்த்தாள்.

"ராசிக்குத்தானேடா நான் கை வெச்சேன்?"

"அத்தாம்மா… ராசிக்குந்தான்…"

"அந்தப் பனமரத்து மேல பொட்டி கட்டினது அவனா?"

"தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

"கேட்டியா?"

"…கேக்கல."

"ஏன் கேக்கல?"

டில்லிபாபு நெற்றியைத் துடைத்தான். "கேட்டா போய்டுவானோன்னு பயம். ஊர்ல பாதிப் பேரு என்ன மதிக்கவே இல்ல. மொத மொத ஒரு பெரிய ஆளு 'தம்பி, நீங்க பாத்துக்குங்க'ன்னு சொன்னான். அவன நான் எப்டிம்மா கேள்வி கேக்கறது?"

அடுக்களைப் பக்கம் ஒரு பல்லி ஒலித்தது. வாசலில் ஜமீலா துடுப்பு போடும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. மதிலுக்கப்பால் ஏதோவோர் இரும்பு ஊர்தி முழங்கி அடங்கிற்று. பிறந்த நாள் முதல் கேட்டுப் பழகிய முழக்கம். இன்று அதை யாரோ தள்ளியிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பானுவுக்குத் தோன்றிற்று.

தெருக்கோடியில் கார் ஒருமுறை ஒலி எழுப்பிற்று. பொறுமையாக, நீட்டாமல்.

டில்லிபாபு தாயின் காலடியில் குந்தினான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"அம்மா, ஒனக்குப் புரியல. நாளைக்குப் போலீசு வந்துட்டா நான் உள்ள போவேன். நீயும் வரணும். பானு வேல போவும். இன்னிக்கு ஒரு கை வெச்சிட்டா அந்தாளு எல்லாத்தையும் தள்ளிகினு போய்டுவான். காப்ப அவுத்துரு. அடுத்த வெள்ளி வேற கட்டிக்கலாம். பூசாரிகிட்ட நான் பேசறேன்."

சொல்லிவிட்டான்.

நாகப்பன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பானு அண்ணனைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். இந்த ஊரில் பிறந்தவன் எவனும், குடித்துவிட்டுத் தெருவில் கிடப்பவனுங்கூட, தன் வாயால் சொல்லாத சொல் அது.

வேம்புலியம்மாள் சினக்கவில்லை. மகனைப் பார்த்தாள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் பார்வை அது.

"நீ சின்னப் புள்ளையில அம்மை போட்டுக் கெடந்தப்போ, இதே கையில காப்பக் கட்டிகினு ஒன் பக்கத்துல குந்திகினு இருந்தேன். ஆஸ்பத்திரிக்காரன் வந்தான், சொந்தக்காரன் வந்தான். அவுக்கச் சொல்லி ஒருத்தனும் கேக்கல. இப்போ நீ கேக்கற." மூச்சு வாங்கினாள். "நீ கேக்கலடா பாபு. கார்ல குந்திகினு கீறானே, அவன் கேக்கறான். என் புள்ள வாயால கேக்கறான். அவன் நல்லவனா கெட்டவனான்னு எனக்கு வேற எதுவும் தெரிய வேணாம். போய்ச் சொல்லு. கை இல்லன்னு சொல்லு."

"அவங்க யாருன்னு ஒனக்குத் தெரியாதும்மா!"

"ஒனக்குத் தெரியுமா?"

"…எனக்கும் தெரியாது."

அவன் எழுந்து போனான். வாசலில் நின்று பானு பார்த்தாள். அவன் காரின் பக்கம் குனிந்தான். கண்ணாடி ஒரு சாண் அளவே இறங்கிற்று. பேச்சு நீளவில்லை. கண்ணாடி ஏறியது, கார் பின்வாங்கித் திரும்பி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு நெடுஞ்சாலை நோக்கிச் சென்றது. டில்லிபாபு அந்தப் புழுதிக்குள் கைப்பேசியைக் காதில் வைத்தபடி நின்றான். மறுபடி எண்ணை ஒற்றினான். மறுபடி காதில் வைத்தான். பிறகு வைக்கவில்லை.

---

கொல்லைமேட்டின் கிழக்கு எல்லை மதிலோடு முடிவதில்லை. மதில் பிறகு வந்தது.

தொழிற்சாலைக்காக வயல்கள் எடுக்கப்பட்ட நாளில் எல்லைக்கல் வளாகத்துக்குள் சிக்கிக்கொண்டது. கல்லை நகர்த்த ஊர் இசையவில்லை. அப்போதிருந்த அதிகாரிகள் ஒரு வழி கண்டனர்: ஆண்டுக்கு ஒருமுறை, கூழ் வார்க்கும் நாளில், காப்புக் கட்டியவளும் அவளுக்குத் துணையாக ஓரிருவரும் மேற்கு வாயில் வழியே உள்ளே வரலாம். கைப்பேசி வாயிலில் நிற்க வேண்டும். தீப்பெட்டியும் கற்பூரமும் வாயிலிலேயே நிற்க வேண்டும். வெடிமருந்தும் எரிபொருளும் உள்ள இடம் அது. ஆதலால் ஊரின் எல்லைத் தெய்வங்களில் சுடர் காணாத தெய்வம் அந்தக் கல் ஒன்றே. மஞ்சளும் வேப்பிலையும் கூழுமே அதற்குரிய வழிபாடு.

பிற்பகல் வெயில் சாய்ந்தபோது வேம்புலியம்மாள் புறப்பட்டாள்.

"கேட்டுக்குள்ள போனா எல்ல தாண்டினதா ஆவாதா?" என்று பானு மெல்லக் கேட்டாள்.

"எல்ல அதுக்கும் அப்பால கீது. மதில கட்டினவனுக்குத்தான் அது தெரியாது."

கூழ்ப்பானையைப் பானு இடுப்பில் எடுத்துக்கொண்டாள். நாகப்பன் வரவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அவர்கள் திரும்பிப் பார்த்தபோது உள்ளே போய்விட்டிருந்தார்.

மேற்கு வாயிலில் சிவராமன் தாமே நின்றிருந்தார். மஞ்சளும் வேப்பிலையும் இருந்த பையைக் காவலர் சோதித்தார். பானு தன் பணி அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள். நாளை இந்த அட்டை தன்னிடம் இருக்குமோ இராதோ என்ற நினைவில் அவள் விரல் ஒரு கணம் அதை விடாமல் பிடித்தது.

"வாங்கம்மா" என்றார் சிவராமன். "எங்க ஊர்ப் பக்கமும் உண்டு. காப்புக் கட்டினா எங்க ஆச்சி வாய்க்காலைக்கூடத் தாண்ட மாட்டா."

வேம்புலியம்மாள் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். உள்ளே ஓரடி வைத்தவள் நின்றாள்.

"ஐயா, ஒரு வார்த்த சொல்லிட்டு அப்பால ஊத்தறேன். மனசுல ஒண்ண வெச்சிகினு ஊத்தக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"மதிலோரத்துல கீற நெலம் என் பேர்ல கீதாம். எனக்குத் தெரியாது. ராசிக்குன்னு கை வெச்சேன். இந்தக் கைதான்." நீட்டினாள். மஞ்சள் நூலில் வேப்பிலை வாடத் தொடங்கியிருந்தது. "இன்னிக்கு இன்னொரு தபா வெக்கச் சொன்னாங்க. வெக்கல. அத்த யாருகிட்ட சொல்லணும்னு எனக்குத் தெரியல. நீங்கதான் வருசா வருசம் கதவத் தொறக்கறீங்க. அதான் ஒங்ககிட்ட சொல்றேன்."

சிவராமன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இதை நீங்க நாளைக்கும் சொல்லணும்மா. திரும்பத் திரும்பக் கேப்பாங்க. நம்பாத மாதிரியே கேப்பாங்க. மகனைக் கூட்டிட்டுப் போவாங்க. பானுப்பிரியா, உங்களையும் விட மாட்டாங்க. தெரியாமச் சொன்னீங்களா, தெரிஞ்சே மறைச்சீங்களான்னு. நான் எழுதுறதை எழுதுவேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல."

"காப்பு அவுத்தப்பால எங்க வேணா இட்டுக்கினு போங்க ஐயா. அதுவரைக்கும் நான் அம்மனோட ஆளு."

வாயிலுக்கு வெளியே யாரோ விரைந்து வரும் ஓசை. டில்லிபாபு. மூச்சிரைக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டை முழுதும் புழுதி.

"சார், நானும் சொல்லணும். அந்தாளு நம்பரு இப்போ இல்லவே இல்லன்னு வருது. ஆனா காரு நம்பரு எனக்குத் தெரியும். எங்கெங்க இட்டுக்கினு போனான், யார் யாரு வந்தாங்க, எல்லாம் சொல்றேன். எங்கம்மாக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"சொல்லுங்க. முதல்ல ஒண்ணு சொல்லுங்க." சிவராமனின் குரலில் அதிகாரம் இல்லை, சலிப்பே இருந்தது. "அந்த வரிசையில எல்லாம் உங்க அம்மா பேர்ல இருக்கு. பனைமரம் நிக்கிற துண்டு மட்டும் இல்ல. அது வேறொரு கைநாட்டு. யாரோடது?"

டில்லிபாபு கம்பியை விட்டான். அவன் பார்வை தாயைக் கடந்து, தங்கையைக் கடந்து, ஊர்ப் பக்கம் போயிற்று. பந்தலும் அதன் பின்னே மூடிய கதவும் தெரிந்த திசைக்கு.

பானுவும் அங்கே பார்த்தாள். அப்பாவின் கேலி: 'நான் வெச்சா கேசு ஆவும்.' காலையிலிருந்து வலிக்கும் முழங்கால். இடுப்பிலிருந்த பானை திடீரெனக் கனத்தது.

வேம்புலியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அறிந்தாளோ, அறிய விரும்பவில்லையோ.

"பானைய எறக்கு பானு" என்றாள். "ஆறிப் போவுது."

புல் மண்டிய இடத்தில் கல் இருந்தது. முழங்கால் உயரம். பெயரோ உருவமோ செதுக்கப்படாத கல். வேம்புலியம்மாள் அதன்மேல் படிந்த புழுதியை முந்தானையால் துடைத்தாள். மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். குங்குமம் இட்டாள். வேப்பிலைக் கொத்தைத் தலையில் சாத்தினாள். பின்பு சொம்பைக் கூழில் அமிழ்த்தி எடுத்தாள்.

சாய்க்குமுன் தன் கையைப் பார்த்தாள்.

இந்தக் கை இனியும் ராசியுடையதுதானா என்று அந்தப் பார்வை கேட்டிருக்கக்கூடும். விளக்கில்லை, மணியோசை இல்லை, பம்பை இல்லை. காற்று ஒன்றே அருகிலிருந்தது. அவள் கண்களை மூடி, உதடு அசையாமல் எதையோ சொல்லி, சொம்பைச் சாய்த்தாள். கூழ் கல்லின் உச்சியில் விழுந்து, மஞ்சளைக் கரைத்துக்கொண்டு, நான்கு பக்கமும் மெல்ல இறங்கி, மதிலுக்குள் அகப்பட்ட மண்ணை நனைத்தது.

சிவராமன் தொப்பியில்லாத தலையைத் தாழ்த்தி நின்றார்.

கல்லின் அடியில் கசிந்த மஞ்சளை விரலால் தொட்டுக்கொண்டு வேம்புலியம்மாள் வாயிலுக்கு வந்தாள். கம்பிக்கு அப்பால் நின்ற மகன் அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் தலையைக் குனிந்தான். அவள் கம்பிகளுக்கிடையே கையை நுழைத்தாள். காப்புக் கட்டிய அதே கை. அவன் நெற்றியில் மஞ்சளைத் தடவி, உச்சியில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் நின்றாள்.

"பயப்படாத. எல்லாத்தையும் சொல்லிட்டு வா" என்றாள். "அம்மன் பாத்துகினு கீறா. நல்லா இருப்படா."